வால் நட்சத்திரம் போட்டுவிட்டுப் போன கல்

திருவொற்றியூர் குப்பம்
28-4-1957

தம்பி ராமதாசுக்கு,

நீ இருக்கிறாயா செத்தாயா என்று கேட்டு இதை எழுதவில்லை. உன் கப்பல் கல்கத்தாவில் கிதர்பூர் துறையில் பழுது பார்க்க நிற்கிறது என்றும், நீ வேளாவேளைக்குத் தின்று தொப்பை வைத்திருக்கிறாய் என்றும் ராயபுரத்து ரஹீம் வந்து சொல்லிவிட்டான். கப்பலில் சக்கரம் பிடிக்கிற சுக்கானிக்கு, கூடப் பிறந்த அக்காவுக்கு ஒரு கார்டு போட மட்டும் கை வரவில்லை. இருக்கட்டும். நானும் எழுதியிருக்க மாட்டேன். வானத்தில் வந்து நிற்கிறதே, அதுதான் எழுத வைக்கிறது.

ஒரு வாரமாகப் பார்க்கிறோம். பொழுது சாய்ந்து தீப்பெட்டி ஆலைச் சங்கு ஊதினதும், ரயில் பாதைக்கு மேலே மேற்கில் வால் நட்சத்திரம் தெரிகிறது. கடல் பக்கமாக வந்திருந்தால்கூட இவ்வளவு பயம் இருக்காது. ஊர்ப்பக்கம் நின்றுகொண்டு எங்களைக் கடலுக்குத் துரத்துகிற மாதிரி இருக்கிறது. வால் மேலே விளக்குமாறாய் விரிந்திருக்கிறது. கீழே, சூரியன் இறங்கின பக்கம், கொம்பு மாதிரி இன்னொரு கூர். வேம்பு அத்தை அதைப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்ல ஒண்ணு வந்துச்சு. அதுக்கு வாலு மட்டும்தான். இதுக்குக் கொம்பும் கீது. எத்தினி பேர முட்டித் தள்ளப் போவுதோ" என்றாள். அதிலிருந்து பஞ்சாயத்தில் எதையும் புதிதாகக் கடலில் இறக்க வேண்டாம் என்கிறார்கள்.

உன் மாமா, என்னைக் கட்டின மகராசன், மீனவர் சொசைட்டியில் எழுதிப்போட்டு ஒரு மோட்டார் போட் வாங்கியிருக்கிறார். கூட அவர் பங்காளி திருமலையும், இஞ்சின் ஓட்ட ராயபுரத்து ஜாபரும். வாங்கினது மீனுக்காக என்று ஊரிடம் சொல்கிறார். எனக்குத் தெரியாதா? நீ கோபித்துக்கொண்டு போன அன்று என்ன சொன்னாய்? "வானத்தைப் பார்த்துகினு கட்டைமேல குந்திகினு போறது ஒரு பொழப்பா?" அந்த ஒரு வார்த்தை அவர் நெஞ்சில் மீன் முள்ளாக நிற்கிறது. அதற்காகத்தான் இந்த போட்.

இப்போது அது மணலிலேயே கிடக்கிறது. இறக்கலாமா, கூடாதா? கப்பல்காரர்கள் இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருப்பார்கள். எனக்கு உண்மையைச் சொல். அவர் போனால் திரும்பி வர வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நீலா


கிதர்பூர், கல்கத்தா
6-5-1957

அக்காவுக்கு,

கார்டு போடாதது என் தப்பு. "இனிமே இந்தக் கரையில காலை வைக்காதே" என்று மாமா சொன்னது அவர் தப்பு. இரண்டுக்கும் சரியாய்ப் போயிற்று என்று வைத்துக்கொள்.

வால் நட்சத்திரத்தை இங்கேயும் பார்த்தோம். எங்கள் கப்பலில் இரண்டாவது அதிகாரி ஒரு வங்காளி. வானத்தின்மேல் அவருக்குப் பைத்தியம். தூரக்கண்ணாடியில் எனக்கும் காட்டினார். அது பனிக்கட்டியும் தூசியும் சேர்ந்த ஓர் உருண்டை. சூரியன் பக்கம் வரும்போது வெந்து ஆவி விடுகிறது, அதுதான் வால். சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் வால் நீளும். நீ சொல்கிற கொம்பு, அது வந்த வழியில் உதிர்த்துவிட்டு வந்த தூசி. நாம் பக்கவாட்டில் பார்ப்பதால் கூராகத் தெரிகிறது. முட்டவும் செய்யாது, கடிக்கவும் செய்யாது. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் போகிறது. போனது திரும்பி வரப்போவதுமில்லை என்றார்.

வேம்பு அத்தைக்கு என் கும்பிடு. அவள் பேச்சைக் கேட்டு போட்டை மணலில் காய வைத்தால் பலகை வெடித்துவிடும். இறக்கச் சொல்.

போட்டில் காம்பஸ் கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருந்தால் மாமா அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும். அவருக்குப் பிடிக்காது, தெரியும். ஆனாலும் சொல்.

ராமதாஸ்


திருவொற்றியூர் குப்பம்
30-6-1957

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பஞ்சாயத்தில் உரக்கப் படித்தேன். கொம்பும் நீ சொன்னபடியே காணாமல் போயிற்று, கொஞ்ச நாளில் வாலும் போயிற்று. வைகாசியில் போட் இறங்கிவிட்டது. வேம்பு அத்தை மட்டும் "போனது போட்டுட்டுப் போவும் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

காம்பஸ் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அதை முள்ளுப் பெட்டி என்கிறோம். சக்கரத்துக்கு முன்னால் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே முள் அலைக்கு அலை ஆடுகிறது. மீன் ஆபீசர் ஒருவர் வந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். உன் மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"உன் தம்பியக் கேளு. முள்ளு ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுதுன்னா எத்த கேக்கறது? நான் கேட்டேன்னு எழுதாதே."

"பின்ன யார் கேட்டதா எழுதறது?"

"ஜாபர் கேட்டான்னு எழுது."

வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஜாபர் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆமா நைனா, இஞ்சின்காரனுக்குத்தான் வடக்கு தெக்கு ரொம்ப வோணும்!"

சிரிப்பு இருக்கட்டும். இதுவரை கரை தெரிகிற தூரம்தான் போகிறார்கள். உனக்குத் தெரியாததா, கோயில் கோபுரமும் ஆலைப் புகைபோக்கியும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றால் நம் குப்பம். அதுவரை பயமில்லை. ஆனால் பெரிய மீன் அதற்கும் அப்பால், கரை மறைகிற இடத்தில் இருக்கிறதாம். ஆவணிக்குள் அங்கே ஒரு ராத்திரி தங்கி வரவேண்டும் என்கிறார். மேகம் மூடினால் வடக்கு காட்டுகிற வடமீன் நட்சத்திரமும் தெரியாது, கோபுரமும் தெரியாது. அதற்குத்தான் கேட்கிறார். ஜாபருக்கு நல்லபடியாகப் பதில் எழுது.

நீலா


கிதர்பூர்
9-7-1957

அக்காவுக்கு,

ஜாபருக்கு என் பதில்: முள்ளைத்தான் கேட்க வேண்டும்.

நான் சக்கரம் பிடிக்க ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் மழை மூட்டம். முள் தெற்கு என்றது. எனக்கு உடம்பெல்லாம் மேற்கே போகிறோம் என்று சொல்லிற்று. சத்தியம் பண்ணியிருப்பேன். சக்கரத்தைத் திருப்பப் போனேன். இரண்டாவது அதிகாரி பின்னால் வந்து பிடரியில் ஒன்று வைத்தார். மூட்டம் விலகினதும் பார்த்தால் முள் சொன்னதுதான் சரி. திருப்பியிருந்தால் மணல் திட்டில் ஏறியிருப்போம். அன்றைக்கு அவர் சொன்னதை அப்படியே மாமாவிடம், தவறு, ஜாபரிடம் சொல். தலை சுற்றும், முள் சுற்றாது. கண் என்ன சொன்னாலும், மனம் என்ன சொன்னாலும், முள் சொன்ன பக்கம் போ.

ஒன்றே ஒன்று. முள்ளுக்கு இரும்பு ஆகாது. கத்தி, சுத்தியல், நங்கூரம், தகர விளக்கு எதையும் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இதை மட்டும் மறக்க வேண்டாம்.

நான் அன்றைக்குக் கட்டுமரத்தைப் பற்றிப் பேசினது அவர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். நேரில் வரும்போது பேசிக்கொள்கிறேன். கடுதாசியில் வரமாட்டேன் என்கிறது.

ராமதாஸ்


திருவொற்றியூர் குப்பம்
13-8-1957

தம்பி,

போனது திரும்பி வராது என்று எழுதினாயே. வந்திருக்கிறது. அதுவோ, அதன் தம்பியோ, இந்த மாதம் ஆரம்பத்திலிருந்து மறுபடியும் மேற்கே ஒரு வால் நட்சத்திரம். ஒரே வருஷத்தில் இரண்டு. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைக்காரர்கூடக் கேட்கிறார், உங்கள் குப்பத்தில் என்ன செய்தீர்கள் என்று.

அது மட்டும் என்றால் இவ்வளவு அவசரமாய் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. பெண்கள் நாங்கள் மணலில் பானை கழுவிக்கொண்டிருந்தோம். திடீரென்று மேற்கேயிருந்து பச்சையாய் ஒரு நெருப்பு, எங்கள் தலைக்குமேலே ஓடிற்று. ஓடின பிறகுதான் சத்தம் வந்தது. துறைமுகத்தில் வெடி வைத்தார்கள் என்று நினைத்தோம். ராயபுரத்தில் மாதா கோயில் கண்ணாடி அதிர்ந்ததாம். எண்ணூர்ப் பக்கம் மணலில் பொத்தென்று ஒன்று விழுந்தது.

ஆம்பிளைகள் போய்த் தோண்டினார்கள். கறுப்பாய் ஒரு கல். பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தின மாதிரி மேலெல்லாம் குழி. பார்த்தால் கைப்பிள்ளை அளவுகூட இல்லை. தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வேம்பு அத்தை சொன்னது சரியாய்ப் போயிற்று. போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. "இத்த தரையில வெச்சா குப்பம் எரியும். தண்ணியில போட்டா கடல் பொங்கும். தண்ணிமேல மிதக்கிற எடத்துல வெச்சி கும்பிடணும்" என்று அத்தை சாமி வந்து ஆடினாள். ஆளாளுக்குத் தன் கட்டுமரத்தில் இடமில்லை என்றார்கள். உன் மாமா முன்னால் போய், "என் போட்டுல வைக்கறேன். யாருக்கும் தகிரியம் இல்லன்னா நான் எதுக்குக் கீறேன்" என்றார். எங்கே போய்ச் சொல்வது, அவருடைய இந்த வீம்பை.

போட்டில் எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது நான்தான் சொன்னேன். அவர் கை எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், அவரைத்தானே காக்க வேண்டும் என்று. முள்ளுப் பெட்டி உட்கார்ந்திருக்கிற பலகைக்கு அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே வேப்பிலை பரப்பி, கல்லை வைத்து, மஞ்சள் பூசி, நானே குங்குமம் வைத்தேன். நீ எழுதினது எதையும் மறக்கவில்லை. கத்தி, நங்கூரம், தகர விளக்கு எல்லாம் பின்பக்கம் கொண்டுபோயாயிற்று. ஜாபரின் சாவிக்கொத்தைக்கூடப் பிடுங்கி எறிந்தேன். இது கல்தானே, ஒன்றும் செய்யாது.

உனக்கு நம்பிக்கை இராது, ஆனாலும் சொல்கிறேன். கல் வைத்ததிலிருந்து முள் ஆடுவதே இல்லை. முன்பெல்லாம் அலைக்கு அலை துடிக்கும். இப்போது சாந்தமாய் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. "பார்த்தியா, கட்டுப்பட்டு கீது" என்று திருமலை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மாசக் கடைசியில் கரை மறைகிற தூரம் போகிறார்கள். வானத்தில் அது இன்னும் நிற்கிறது. நான் செய்தது சரிதானே? ஒரு வரி எழுது. தூக்கம் வரவில்லை.

நீலா


கிதர்பூர்
26-8-1957

அக்கா,

முதலில் தந்தி கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை வைத்து அடித்திருக்கிறேன், எழுத்துக்கூட்டிப் படித்திருப்பாய். கல்லை எடு. போட்டை விடாதே.

பழுது முடிந்து கப்பலை ஓட்டிப் பார்க்க ஆற்றில் கீழே கொண்டுபோனார்கள். உன் கடிதம் நான் தங்குகிற விடுதியில் கிடந்திருக்கிறது. இன்றைக்குக் காலையில்தான் கையில் வந்தது.

அது கல் இல்லை அக்கா. இரும்பு. கோடையில் இரண்டாவது அதிகாரி என்னை இங்கே காட்சிசாலைக்கு அழைத்துப்போனார். வானத்திலிருந்து விழுந்தவற்றைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கறுப்பு, கட்டைவிரல் குழி, அளவுக்குமீறின கனம். நீ எழுதினதை அப்படியே அங்கே பார்த்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன காம்பஸை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முள் வடக்கை விட்டுவிட்டுத் திரும்பி அதைப் பார்த்தது. நான் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிட்டேன். உனக்கு எழுதும்போது கத்தியும் சுத்தியலும்தான் ஞாபகம் வந்தது. வானத்திலிருந்து இரும்பு விழுந்து நம் போட்டில் ஏறும் என்று எவன் நினைப்பான்!

அது வால் நட்சத்திரம் போட்டதுகூட இல்லை. சூரியனைச் சுற்றிக் கணக்கில்லாத பாறைகள் திரிகின்றன, ஒன்றோடொன்று மோதி உடைந்த துண்டு எப்போதாவது விழும். அதற்கும் நமக்கும் ஒரு பகையும் இல்லை. இதையெல்லாம் இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

முள் சாந்தமாய் நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துத்தான் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். முள் ஆட வேண்டும் அக்கா. ஆடாத முள் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நல்ல முள் போட் திரும்பினாலும் வடக்கை விடாது. இது போட்டோடு சேர்ந்து திரும்பும், எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் போகிறோம் என்றுதான் காட்டும். மாமாவிடம் சொல், முள்ளை நம்ப வேண்டாம். வடமீனைப் பார்க்கச் சொல். அவர் கண்ணை நம்பச் சொல். நான் எழுதினதைக் கிழித்துப் போடச் சொல்.

போகவில்லை என்று ஒரு தந்தி கொடு.

ராமதாஸ்


திருவொற்றியூர் குப்பம்
12-9-1957

தம்பி ராமதாசுக்கு,

போகவில்லை என்று தந்தி கொடுக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நீ தந்தி அடித்த அன்று விடியற்காலையிலேயே போட் போய்விட்டது. மறுநாள் காலையில் தந்திக்காரன் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்தான். தந்தி என்றால் சாவுதானே நம் குப்பத்துக்கு. எல்லோரும் கூடிவிட்டார்கள். "யாருக்கு இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா ஆச்சு" என்று என்னைப் பிடித்து உலுக்கினார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்து முடித்துவிட்டு, "தம்பி வர்றானாம்" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அந்த இடத்தில் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் என்னைக் கடலில் தள்ளியிருப்பார்கள். அன்று சாயங்காலம் அவர் வந்துவிடுவார், நானே கல்லைத் தூக்கி எறிந்துவிடுகிறேன் என்று நினைத்தேன்.

அன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கட்டுமரங்கள் கிழக்கே தேடிப் போயின. வாரம் திரும்பின பிறகு கிருஷ்ணபட்டினம் பக்கத்து மீன்காரர்கள் போட்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள் என்று சேதி வந்தது. உள்ளே திருமலையும் ஜாபரும் இருந்தார்கள். அவர் இல்லை. கல் வைத்த இடத்தில் இருந்தது, குங்குமம்கூட அழியாமல்.

திருமலை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ படிக்க வேண்டும்.

ராத்திரி நல்ல மீன் கிடைத்து, கரைக்குத் திரும்பியிருக்கிறார்கள். மேகம் மூட்டமாய் இருந்ததாம். முள் மேற்கு என்று காட்டிக்கொண்டே இருந்ததாம். ஒரு தடவை மேகம் கொஞ்சம் கிழிந்து, உன் மாமா மேலே பார்த்திருக்கிறார். "இன்னாடா இது, வடமீன் அந்தாண்ட கீது, முள்ளு வேற பக்கம் காட்டுது" என்றாராம். இஞ்சினைக்கூட நிறுத்தச் சொன்னாராம். திருமலை, "உன் கண்ணு பொய் சொல்லாது அண்ணே, திருப்பு" என்றானாம். உன் மாமா மறுபடி முள்ளைப் பார்த்துவிட்டு, "வேணாம். மச்சான் இன்னா எழுதனான்? தலை சுத்தும், முள்ளு சுத்தாது. போ" என்றாராம்.

போனார்கள். விடிந்தது. கரைக்குப் போகிறவனுக்கு முதுகுக்குப் பின்னால் உதிக்க வேண்டிய சூரியன் அவர் முகத்துக்கு நேராக உதித்ததாம். எண்ணெய் தீர்ந்து இஞ்சின் நின்றதாம். உன் மாமா யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். முள்ளுப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. குடிதண்ணீர் தீர்ந்த மறுநாள் தூரத்தில் ஒரு கப்பல் புகை தெரிந்திருக்கிறது. உன் மாமா ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு குதித்தாராம். ஜாபர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். "வுடுடா. கப்பல்ல மச்சான் மாரி எவனாச்சும் இருப்பான், பார்ப்பான்" என்று சொல்லிவிட்டு நீந்தினாராம். கப்பல் நிற்கவில்லை.

உன்மேல் கோபமா என்று கேட்காதே. இருக்கிறது. நீ எழுதினதையும் நான் வைத்ததையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். அவர் உன்னைத் திட்டிக்கொண்டே போயிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. உன்னை நம்பிப் போனார்.

இப்போது எழுதுவது அழுவதற்காக இல்லை. ஓர் உயிரை வாங்கி ஆறிவிட்டது, இனித் தரை எரியாது என்று கல்லைக் கரையில் இறக்கிவைத்து ஊரே கும்பிடுகிறது. சுற்றுக் குப்பத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஒருவனை எடுத்துக்கொண்டு இரண்டு பேரைக் கொண்டுவந்து கொடுத்த கல்லாம். வேம்பு அத்தை தினமும் விளக்கு வைக்கிறாள். என்னையும் முதல் ஆளாகக் கூழ் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன்.

சொசைட்டியில் திருமலைக்கு இன்னொரு போட் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் முள்ளுப் பெட்டி இருக்கிறது. "என்னைக் காப்பாத்துனது இதான், எங்க வெச்சி காப்பாத்துச்சோ அங்கியே வைக்கப் போறேன்" என்கிறான். கூட மூன்று பேர் போகிறார்கள். மூன்று பேருக்கும் குடும்பம் இருக்கிறது. நேற்று அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து, "யக்கா, உன் கையால குங்குமம் வெச்சிக் குடு" என்று கேட்டாள். நான் அது இரும்பு என்று சொன்னேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். பஞ்சாயத்தில் சொன்னேன். தாலியறுத்தவள் சாமிமேல் பழி போடுகிறாள் என்றார்கள்.

உன் மாமா போட்ட தடை அவரோடு போயிற்று. நீ கரையில் காலை வை. அந்த அதிகாரியின் சட்டைப்பை காம்பஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு கல்கத்தா மெயிலில் ஏறு. எல்லோரும் பார்க்க, கல்லுக்குப் பக்கத்தில் அதைப் பிடி. முள் திரும்புவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். பார்த்த பிறகு, அங்கே கல்லை வைக்கச் சொன்னது நான் என்று நான் சொல்கிறேன். முள்ளை நம்பு என்று எழுதினது நீ என்று நீ சொல். அடித்தால் இரண்டு பேரும் வாங்கிக்கொள்வோம்.

தினமும் கேட்கிறார்கள், தந்தி கொடுத்தானே, எங்கே உன் தம்பி என்று. புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை திருமலை போட்டை இறக்குகிறான். அதற்கு முன்னால் வந்துவிடு.

நீலா